சேவல் வந்துச்சா?

"வந்துருச்சு புள்ள!"

கடைக்குப் பின்னாலிருந்து பொன்னுச்சாமி போட்ட சத்தத்தில், சோணையம்மாள் கட்டிக்கொண்டிருந்த நவதானியப் பொட்டலம் சிதறிப்போனது. கடலுக்குள் நிற்கும் நவக்கிரகத்துக்குப் போட வாங்க வந்த மதுரைக்காரம்மா முகத்தைச் சுளித்தாள். சோணையம்மாள் அதைக் கவனிக்கவில்லை. ஓலைத் தட்டியை விலக்கிக்கொண்டு புருஷனிடம் ஓடினாள்.

"யாருங்க, சேவலா?"

"ஜோக்கருடி. கடைசிச் சீட்டுல ஜோக்கரு!" என்றார் அவர், போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

சேவல் என்றால் மகன் வினோத்குமார். போனில் சீட்டாடும்போது தன் மூஞ்சிக்குப் பதிலாக ஒரு செவலைச் சேவல் படத்தைத்தான் வைத்திருப்பான். பொன்னுச்சாமிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. சேவலைத் தெரியாமல் போகுமா?

சூதாடி செய்யும் சத்தியமும், கருவாட்டுக்குக் காவலிருக்கும் பூனையும் ஒன்று. அந்தப் பயல் செய்யாத சத்தியமா? ஒருநாள் சோணையம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சாய்ந்துவிட்டாள். ஆட்டோவைக் கூட்டிவரச் சொன்னால், குனிந்த தலை நிமிராமல் சொன்னான்: "இரும்மா, இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்."

பக்கத்துக் கடைத் தங்கசாமி தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிய அன்று, பொன்னுச்சாமி மகனைத் தேவிபட்டினம் கரைக்கு இழுத்துவந்து, ஊரே பார்க்கக் கட்டிய வேட்டியோடு கடலில் இறங்கி முங்கினார்.

"இன்னையோட ஒன்னையத் தலைமுழுகிட்டேன்லே. எனக்குப் புள்ள இல்ல!"

உயிரோடு நிற்கிறவனுக்குப் பெற்றவன் செய்யக்கூடாத காரியம். வினோத்குமார் ஈர மணலில் திரும்பி நடந்தான். அன்று போனவன் போனவன்தான்.

உடம்பு ஈரம் காய்வதற்குள் கிழவருக்குக் கோபம் காய்ந்துவிட்டது. ஆனால் எங்கே போய்த் தேடுவது? தங்கசாமிதான் வழி சொன்னான். "ஒங்க மகன் சோத்தை விட்டாலும் சீட்டை விட மாட்டான்ணே. போன்ல அவன் ஆடுற மேசையிலயே போய் உக்காருங்க. என்னைக்காச்சும் சேவல் வந்து நிக்கும்."

அந்த மேசையில் சும்மா வேடிக்கை பார்க்க விடமாட்டார்கள். உட்கார்ந்தால் காசு கட்டி ஆடித்தான் ஆகவேண்டும். அதனால், சீட்டு என்றாலே காறித் துப்பும் மனுஷன் சீட்டுக் கற்றுக்கொண்டார். சோணையம்மாளும் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் காதில் வேப்பங்குச்சியைச் சொருகிக்கொண்டாள். பிள்ளையைவிடத் தோடா பெரிது?

முன்பெல்லாம், "இன்னைக்கும் சேவல் வரல புள்ள" என்று அவராகவே வந்து சொல்லிக் கண் கலங்குவார். இப்போது இவள் கேட்டால்கூட, "வந்தாச் சொல்ல மாட்டனா? போடி அங்கிட்டு" என்று எரிந்து விழுகிறார். காத்துக் காத்து மனசு புண்ணாகிவிட்டது, பாவம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மதுரைக்காரம்மா வேறு கடைக்குப் போய்விட்டிருந்தாள். சிதறிய தானியத்தைக் கூட்டி அள்ளும்போது கடைமுன் ஒரு நிழல் விழுந்தது.

"நவதானியமா? இருங்க, கட்டித் தாரேன்."

"அம்மா."

நிமிர்ந்தாள். கறுத்து, மெலிந்து, உள்ளங்கையெல்லாம் வெடித்துப்போய் வினோத்குமார் நின்றான்.

"ஏலே... என்னப் பெத்த அய்யா! எங்கன போய்த் தொலைஞ்ச?"

"தங்கச்சிமடத்துலதாம்மா. ஐஸ் கம்பெனில வேலை." சட்டைப்பையிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் காட்டினான். "அந்தப் போன அன்னைக்கே பாம்பன் பாலத்துல இருந்து கடல்ல வீசிட்டேன். அய்யா என்னையத் தலைமுழுகுனாரு, நான் சீட்டைத் தலைமுழுகிட்டேன்."

"அப்பவே வந்துருக்கலாமுல்லடா?"

"என்னைய நானே நம்பலம்மா. அதான் வரல."

அவள் அவன் கன்னத்தைத் தடவினாள். அவன் அவள் காதையே பார்த்தான்.

"தோடு எங்கம்மா?"

"அது கெடக்குது கழுத. ஒங்கய்யா ஒனக்காகத்தான்டா சோறு தண்ணி இல்லாமக் காத்துக் கெடக்காரு. வா, ஒன்னையப் பாத்தாத்தான் அவருக்கு உசுரு வரும்."

தட்டிக்குப் பின்னால் சீட்டுக் கலையும் சத்தம் கேட்டது. நிஜச் சீட்டு இல்லை, போன் போடும் சத்தம். வினோத்குமாரின் கால் தயங்கியது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். சோணையம்மாள்தான் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"இங்க பாருங்க, யாரு வந்துருக்கான்னு!"

"அய்யா" என்று மகன் காலில் விழுந்தான்.

பொன்னுச்சாமி நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்து நரைத்த தாடியில் வழிந்தது. மகனின் தலையைத் தொட ஒரு கை நீண்டது.

போன் 'டிங்' என்றது. நீண்ட கை பாதியிலேயே திரும்பியது.

"இருய்யா... இந்த ஒரு ஆட்டம் முடியட்டும்."