பதினாலாவது வினாடி

மோதி நிற்கும் இரண்டு மலைத்தொடர்களுக்கு அடியில் பூமியின் மேலோடு எந்த ஆழத்தில் முடிகிறது? ஆய்வாளர் இருபது முறை வெடிவைத்து, நிலத்தில் பதித்த கருவியால் எதிரொலியைப் பிடித்திருந்தாள். இருபது பதிவிலும், வெடித்த பதினாலாவது வினாடியில் திரையில் ஒரு கோடு.

“நாப்பத்தஞ்சு கிலோமீட்டர். நான் கணக்குப் போட்ட அதே ஆழம். நாளைக்கு அறிவிச்சிடலாம்.”

வேன் ஓட்டுநர் திரையை எட்டிப் பார்த்தார். “இந்தக் கோடுதான் அடிமட்டமா மேடம்?”

“ஆமாண்ணே. வெடிச்சதும் நீங்க அசையாம இருந்தீங்களே, அதான் இவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு.”

“பதினாலு வினாடியில எதிரொலி வந்துடும், அதுவரைக்கும் அசையாதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க? சரியா எண்ணிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் வண்டியிலேர்ந்து கருவிகிட்ட இறங்கினேன்.”

அவள் விரல் கோட்டின் மேல் நின்றது. “இறங்கி, கதவைச் சாத்தினீங்களா?”

“பழைய வண்டி மேடம். ஓங்கி அறைஞ்சாத்தான் கதவு மூடும்.”