தொடக் கூடாத பந்து

தொடாதே, அது வெளியே போகிற பந்து, சும்மா நில் என்று பேஸ்பால் அரங்கத்தின் ஆர்கன் முன் உட்கார்ந்திருந்த லொரெய்ன் மனத்துக்குள் மன்றாடினாள். அவள் அணியின் ரைடர் மட்டையை வீசினான். காற்றுதான் அடிபட்டது. அவுட்.

"மூணு பேஸ்லயும் நம்ம ஆளுங்க. அது நாலாவது வெளிப்பந்து, தொடாம விட்டிருந்தாலே ஓசியில ஒரு ரன் வந்திருக்கும்" என்றாள்.

"பொறுமை சொல்லிக் கொடுத்த கோச்சைத் துரத்திட்டு நிர்வாகம் புது ஸ்கோர்போர்டுல்ல வாங்கியிருக்கு!" என்றான் பக்கத்தில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொண்டிருந்த கர்ட்.

"இருபது வருஷமா ஒரு ஆட்டம் விட்டதில்ல நான். இப்ப வரவே வெட்கமா இருக்கு."

அரங்கமே எழுந்து நின்று ஊளையிட்டது. கர்ட்டுக்குப் போன் வந்தது. கேட்டதும் அவன் முகம் சுருங்கியது.

"ஆபீஸ்லேர்ந்து. முதலாளியோட விருந்தாளிங்களுக்கு இந்த ஊளை கேக்கக் கூடாதாம். உடனே நீ ஆர்கனை வாசிச்சு இதை அமுக்கணுமாம். இல்லேன்னா நாளையிலேர்ந்து ரெக்கார்டு போட்டுக்குவாங்களாம்."

லொரெய்ன் எழுந்து நின்ற கூட்டத்தைப் பார்த்தாள்.

"வாசி தாயே, வேலை போயிடும்!"

கட்டைகள் மேலிருந்த கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஊளை இன்னும் தெளிவாகக் கேட்டது.

"இந்தப் பந்தை நான் தொடப்போறதில்ல, கர்ட்."