எரியாத விளக்கு

"அம்மா, இங்க பாரும்மா! சபையில அப்பா சீட் காலியா இருக்கு!"

மகள் டெஸ் டிவியைக் காட்டிக் கத்தினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த வெர்னாவுக்குத் திக்கென்றது.

இன்னும் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இதய ஆபரேஷன். கணவன் ரூபன் மாநிலச் சட்டசபை உறுப்பினர். சபை கூடும் குளிர்காலமெல்லாம் தலைநகர் ஹெலினாவில்தான் வாசம். வீட்டுக் கட்டிலில் பாதி இடம் சில்லிட்டுக் கிடக்கும்.

இன்று அவருடைய மசோதா ஓட்டுக்கு வருகிறது. சிற்றூர் ஆஸ்பத்திரிகளை மூடக்கூடாது என்று வருஷக்கணக்காய் மன்றாடியது.

"எனக்காக வராதே. ஓட்டைப் போடு" என்று போனில் சொன்னவள் வெர்னாதான். வாய்தான் அப்படிச் சொன்னது. கண் காலையிலிருந்து கதவைவிட்டு நகரவில்லை.

சபைப் பலகையில் பெயர்களுக்கு நேராக, ஆதரவுக்குப் பச்சையும் எதிர்ப்புக்குச் சிவப்புமாய் விளக்குகள் எரிந்தன. ரூபன் பெயர் இருட்டு. எதிர்க்கட்சி ஸ்டென்சன் பெயரும் இருட்டு.

"அந்தக் கிழத்தைப் பாரேன்! உட்கார்ந்தபடியே தூங்குது. 'ரூபன் பேசினா மாடுகூடத் தூங்கிடும்'னு அப்பாவைக் கிண்டல் பண்ணின ஆளாச்சே!"

சொந்தக் கட்சிக்காரர்களே ஸ்டென்சனின் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் அசையவில்லை.

ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் மசோதா நிறைவேறியது. டெஸ் குதித்தாள்.

வெர்னாவுக்குச் சந்தோஷம் ஏறவில்லை. பனி கொட்டும் மலைப்பாதை. மனுஷன் எங்கே? 'கர்த்தாவே, ஒரு தடவை அவர் முகத்தைக் காட்டிடு.'

கதவு திறந்தது. தோளெல்லாம் பனியோடு ரூபன்.

அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டுதான் திட்டினாள்.

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு? அந்த ஸ்டென்சன் தூங்காம எதிர்த்து ஓட்டுப் போட்டிருந்தா ஓட்டு சமமாகி எல்லாம் போயிருக்குமே!"

"அவன் தூங்கலை, வெர்னா. 'நீ போ, நானும் ஓட்டுப் போடலை'ன்னு கைகொடுத்தான். எதிரெதிர் ஓட்டு ரெண்டும் விலகிட்டா கணக்கு சரியாயிடும். எங்க சபையில பழைய வழக்கம். வாய்ச்சொல்தான், சாட்சி கிடையாது."

"உன்னைக் கண்டாலே ஆகாதே அவனுக்கு!"

"இப்பவும் ஆகாது." ரூபன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "நான் தயங்கி நின்னப்போ என் கோட்டை எடுத்து மூஞ்சியில எறிஞ்சான். 'என் பொண்டாட்டி இங்க்ரிட் கண்ணை மூடினப்போ நான் இங்க உட்கார்ந்து ஓட்டுப் போட்டுக்கிட்டிருந்தேன். எந்த மசோதாவுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரலை. நீ கிளம்புடா'ன்னான்."