பறக்கும் காரும் எச்சில் தட்டும்

"என் எபிசோட்ல கை வைக்க உங்களுக்கு யாரு சார் உரிமை குடுத்தது?"

கதாசிரியைக்குக் கோபம் தலைக்கேறியது. நூறு வருடம் கழித்து வாழப்போகும் ஒரு குடும்பத்தைப் பற்றிய கார்ட்டூன் தொடர் அது. அதில் அப்பா எச்சில் பாத்திரங்களைத் தேய்க்கும் காட்சியை இயக்குநர் வெட்டி எறிந்துவிட்டு, அந்த வேலையை அம்மா செய்வதாக மாற்றியிருந்தார்.

"ஜனங்க நம்பணும்ல?" என்றார் இயக்குநர்.

"கார் பறக்குது, நம்புறாங்க. வீட்டு நாய் பிள்ளைங்களுக்குக் கணக்குப் பாடம் நடத்துது, அதையும் நம்புறாங்க. அப்பா ஒரு தட்டு கழுவினா மட்டும் நம்ப மாட்டாங்களா?"

"கற்பனைக்கும் ஒரு எல்லை இருக்கும்மா."

சொல்லிக்கொண்டே எழுந்தவர், தான் சாப்பிட்ட தட்டைக் கொண்டுவந்து சமையலறை சிங்க்கில் போட்டார். கதாசிரியையின் முகத்தில் சோப்பு நுரை தெறித்தது.

வேலை விஷயம் பேசும்போது வீட்டிலும் 'சார்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது கல்யாணமான புதிதில் அவர் போட்ட சட்டம். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் அதை மீறினாள்.

"ஏங்க," என்றாள், தேய்க்கிற நாரை அவர் கையில் திணித்து. "இனிமே கற்பனையே வேண்டாம். நேர்ல பார்த்தே எழுதிக்கிறேன். தேய்ங்க!"