சிரிக்காத டாக்டர்

"ஊசி நல்லதா, தோள்ல தடவுற ஜெல் நல்லதா?"

பழைய லாரிகளை வாங்கி விற்கும் அந்த வியாபாரி இப்படிக் கேட்டதும், டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"வயசு என்ன சார்?"

"அம்பத்தெட்டு."

"பசங்க?"

"ஒரே பொண்ணு. கட்டிக் குடுத்து மூணு வருஷமாச்சு."

"தாத்தா ஆகுற வயசு. இப்பப் போய் ஆண் ஹார்மோன் எதுக்கு?"

"அதை விடுங்க. ஊசியைப் போட்டுக்கிட்டா, அப்புறம் குழந்தை பொறக்கும்ல?"

சிரிக்கக் கூடாது என்றுதான் டாக்டர் பார்த்தார். முடியவில்லை. திரைக்குப் பின்னால் பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த நர்ஸ் 'களுக்' என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"எதுக்கும் வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க சார்!"

தன் லாரியின் டயரை எட்டி உதைத்துக் கேலி பண்ணினான் என்று ஒருத்தனைக் கழுத்தைப் பிடித்து ரோட்டில் தள்ளியவர் அவர். இங்கேயோ, செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

போன வாரம் பார்த்த டாக்டர் சிரிக்கவில்லைதான். ஆனால் அந்த மனுஷன் ரத்தம்கூடப் பார்க்காமல் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். "மொத்தமா ஆறு ஊசி போட்டுக்கிட்டா சலுகை உண்டு" என்று வேறு சொன்னார். பானெட்டைத் திறந்து பார்க்காமல் விலை சொல்கிறவனை வியாபாரி எந்தக் காலத்திலும் நம்பியதில்லை. பஞ்சு தோளில் படுவதற்குள் எழுந்து ஓடி வந்துவிட்டார்.

வீட்டில் வேறு கூத்து. சட்டையைத் துவைக்க எடுத்த மனைவியின் கையில் டோக்கன் சீட்டு சிக்கிக்கொண்டது. 'ஆண்கள் ஹார்மோன் ஆலோசனை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது.

"என்ன இது?"

"டோக்கன்."

"அது தெரியுது. மீசைக்கு மை அடிச்சப்பவே நெனச்சேன். மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது, இந்த லட்சணத்துல இளமை கேக்குதா உங்களுக்கு?"

"ஆமா, கேக்குது. இப்ப என்னாங்கிற?"

"எவ அவ?"

"எவளும் இல்லடி!"

"அப்ப..." என்று ஆரம்பித்தவள், ஒரு கணம் யோசித்துப் பயந்தே போனாள். "ஐயையோ, எனக்கு முழங்கால் வலி. ஆளை விடுங்க!"

அன்றிலிருந்து அவர் முன்னால் தட்டு 'டங்'கென்றுதான் விழுந்தது. மகளுக்குப் போன் போட்டு, "உங்கப்பாவுக்குப் புத்தி கெட்டுப் போச்சுடி" என்று மணிக்கணக்கில் அழுதாள்.

மூன்றாவது டாக்டர் ஒரு பெண். கதவைத் திறந்த வியாபாரி, அப்படியே திரும்பிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள், "உக்காருங்க" என்றார் அந்தம்மா.

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "எந்நேரமும் சோர்வு. எதுலயும் பிடிப்பில்ல. நாலு பேர் முன்னால நிக்கக் கூச்சம். ஒரு தடவை ரத்தத்துல பாத்ததுல டெஸ்டோஸ்டிரோன் ரொம்பக் கம்மின்னு வந்துச்சு. ஊசியா, ஜெல்லா?"

டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார். "இனிமே குழந்தை வேணுங்கிற எண்ணம் இருக்கா?"

வியாபாரி திடுக்கிட்டார். தான் கேட்க வேண்டியதை இந்தம்மாவே கேட்கிறாரே! முகத்தை உற்றுப் பார்த்தார். உதட்டோரம்கூட அசையவில்லை.

"இருக்கும்மா." குரல் இறங்கிவிட்டது. "ரொம்ப இருக்கு."

"அப்ப ரெண்டுமே வேண்டாம். ஹார்மோனை வெளியிலேர்ந்து குடுத்தா, உடம்பு தன் வேலையைக் குறைச்சுக்கும். குழந்தை உண்டாகுறது கஷ்டமாயிடும். உடம்பையே சுரக்க வைக்கிற மருந்து இருக்கு. அது ஒத்து வருமான்னு பார்ப்போம்."

"தானா ஸ்டார்ட் ஆக வேண்டிய வண்டியை ஆள் வச்சுத் தள்ளிக்கிட்டே இருக்காதேங்கிறீங்க."

"அதேதான். ஆனா முதல்ல இன்ஜினைப் பார்க்கணும். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு, வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும். அப்புறம் அடுத்த வாரம் இன்னொரு தடவை."

"ஒரு தடவையோட முடிச்சுக்கலாமே?"

"ரெண்டு தடவை."

"பழகின முகத்துக்காக ஒண்ணு குறைச்சுக்கக் கூடாதா?"

"உங்களை இப்பத்தான் பார்க்கிறேன். ரெண்டு தடவை."

வியாபாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இம்மியும் இறங்காத ஆள்! எழுந்து பெரிய கும்பிடாகப் போட்டார். "எட்டு மணிக்கு வண்டி வாசல்ல நிக்கும்மா."

வெளியே வந்ததும் போனை எடுத்தார்.

"மாப்ள, டாக்டர் கெடைச்சாச்சு. எல்லாக் கேள்வியும் நானே கேட்டுப் பாத்துட்டேன், இந்தம்மா சிரிக்கல. அன்னிக்கு உங்களைப் பாத்துச் சிரிச்சானே ஒரு டாக்டர், அந்த ரகம் இல்ல. நாளைக்கு வெறும் வயித்தோட கெளம்பி இருங்க, நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அந்தப் பக்கம் மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"மாமா... அத்தை போன்ல அப்படி அழறாங்க. மருந்து எனக்குத்தான்னு நான் சொல்லிடறேனே?"

"மூச்சு விடக் கூடாது! எனக்குன்னே நெனச்சுத் திட்டிக்கிட்டு இருக்கட்டும். அவகிட்டத் திட்டு வாங்குறதுல எனக்கு முப்பது வருஷ அனுபவம் இருக்கு, நீங்க எதுக்குப் புதுசா ஆரம்பிக்கிறீங்க?"