இத்தாலிக்காரர் ஓட்டல் ரொட்டி

"இதுவும் அது இல்லீங்க" என்று கெம்பம்மா தட்டைத் தள்ளி வைத்தாள். தட்டில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.

கங்கப்பனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "இன்னிக்கு என்னங்க குறை?"

"என்னன்னு சொல்லத் தெரியல. அந்த ருசி வரல. பெங்களூர்ல அந்த இத்தாலிக்காரர் ஓட்டல்ல தின்னது நாக்குலயே நிக்குதுங்க."

குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு எதிரே, பெங்களூர் ரோட்டோரம் கங்கப்பனின் ரொட்டிக் கடை. லாரிக்காரர்களுக்கு டீயும் பன்னும் விற்கிற கடை. சந்தை நாளில் தக்காளி விற்க வரும் கெம்பம்மா, கூடை காலியானதும் அங்கே வந்து உட்காருவாள். ஒரு நாள் அவளே பேச்சை ஆரம்பித்தாள். யுத்தக் கைதியாக வந்த ஓர் இத்தாலிக்காரர், ஊர் திரும்பாமல் பெங்களூர் கண்டோன்மெண்டிலேயே ஓட்டல் வைத்தாராம். அங்கே பீட்சா என்று ஒரு ரொட்டி. கல்யாணமான புதிதில் புருஷன் கூட்டிப்போய் வாங்கிக் கொடுத்தாராம். இப்போது அந்த ஓட்டலும் இல்லை, புருஷனும் இல்லை.

"உங்ககிட்டதான் அடுப்பு இருக்குதே. ஒண்ணு சுட்டுப் பாருங்களேன்" என்றாள்.

"நான் பெங்களூர்ப் பக்கமே போனதில்லீங்க. நீங்க சொல்லச் சொல்லச் சுடறேன்" என்றான் கங்கப்பன்.

அன்றிலிருந்து சந்தைக்குச் சந்தை ஒரு ரொட்டி. ஒரு தடவை தக்காளி தண்ணீராய் ஓடியது. ஒரு தடவை அடி கருகியது. ஒரு தடவை கேழ்வரகு மாவைக் கலந்துவிட்டான். அதை விழுங்க அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் தேவைப்பட்டது. எப்படி இருந்தாலும் முழுசாகத் தின்றுவிட்டு அது இல்லை என்பாள். பிறகு அந்த ஓட்டலைப் பற்றிப் பேசுவாள். மேஜை மேல் விரித்த வெள்ளைத் துணி, இன்ன சாதி என்று கேட்காமல் எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தது, இத்தாலிக்காரர் அடுப்படியில் நின்று பாடுகிற பாட்டு. பேசப் பேச அவள் முகத்தில் ஒரு களை வரும்.

அந்த முகத்துக்காகவே கங்கப்பன் வாரம் முழுக்கக் காத்துக் கிடந்தான். என்னோடு இருந்துவிடு என்று கேட்க அவனுக்குக் கொள்ளை ஆசை. அவர்கள் சனத்தில் புருஷனை இழந்தவள் இன்னொருவனைக் கட்டிக்கொள்வது வழக்கம்தான், ஊரும் ஒன்றும் சொல்லாது. ஆனால் அவள் தேடுவது ரொட்டியையா, அதை வாங்கிக் கொடுத்த புருஷனையா? செத்துப்போன மனுஷனோடு எப்படிப் போட்டி போடுவது? கேட்க வாய் வரவில்லை.

சந்தைக்கு வரும் பெண்கள் எல்லாரும் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுவார்கள். கெம்பம்மா மட்டும் எப்படியும் கூப்பிடமாட்டாள். அதை அவன் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த சந்தைதான் கடைசிங்க" என்றாள் அன்றைக்கு, காலிக் கூடையை எடுத்துக்கொண்டே. "எங்க அண்ணன் வந்து அஞ்செட்டிக்குக் கூட்டிட்டுப் போறாரு. அந்தக் காட்டுக்குப் பஸ்ஸே எப்பவோ ஒண்ணு. இனிமே எங்க வர்றது?"

"ஓகோ" என்றான் கங்கப்பன். அவள் தின்ற தட்டை எடுத்துக் கழுவப் போனான்.

அடுத்த சந்தைக்கு முன்னால் லாரி ஏறிப் பெங்களூர் போனான். கள் விட்டுப் பிசைந்தால்தான் அந்த மாவு சரியாகப் பொங்கும். இந்தப் பக்கமோ மதுவிலக்கு. ஒரு சீசா கள்ளும், கண்டோன்மெண்டில் ஒரு கட்டி சீஸும் வாங்கினான். சீசாவைப் பழைய சாக்குக்குள் ஒளித்து, எல்லையில் போலீஸ்காரன் லாரியைத் தட்டியபோது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அவள் போகத்தான் போகிறாள். ஆசைப்பட்டதைத் தின்றுவிட்டாவது போகட்டும். புருஷன் நினைப்போடு போனாலும் போகட்டும்.

அன்று அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டியின் வாசனை சந்தை வரைக்கும் போயிற்று. ஓரமெல்லாம் உப்பி, சீஸ் உருகி, தக்காளி மினுமினுத்தது. கெம்பம்மா ஒரு வாய் தின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதுவும் அது இல்லீங்க." அவள் குரல் இறங்கியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் இருந்து பாருன்னு நீங்க சொன்னீங்கன்னா, அண்ணன்கிட்ட வேணா பேசிப் பாக்கறேன்."

கங்கப்பன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"இது அதேதான் கெம்பம்மா" என்றான், முதல் தடவையாகப் பேர் சொல்லி. "அந்த ஓட்டலை மூடற வரைக்கும் அடுப்படியில நின்னு பீட்சா சுட்டவனே நான்தான். சரியாச் சுட்டுக் குடுத்துட்டா நீ வராம நின்னுடுவியோன்னு ஒவ்வொரு தடவையும் வேணும்னே கெடுத்தேன்."

கெம்பம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்தாள்.

"வெள்ளைத் துணி, பாட்டு எல்லாம் லாரிக்காரங்க சொன்ன கதைங்க. எங்க வீட்டுக்காரரு என்னை ஓசூருக்குக்கூடக் கூட்டிட்டுப் போனதில்ல... தின்னிருந்தாத்தானே எது அதுன்னு எனக்குத் தெரியும்?"