முடி துறந்த மன்னர்

ஆண்டு விழா நாடகத்தில் ஐரோப்பிய மன்னராக நடிக்க யாரும் முன்வரவில்லை. கெஞ்சிக் கெஞ்சித் தொண்டை கட்டிப்போன ஆக்னஸ் டீச்சர், கடைசியில் பி.டி. மாஸ்டர் தண்டபாணியைப் பிடித்தார்.

"போர்ல தோத்துட்டீங்க மாஸ்டர். எதிரி அரண்மனைக்குள்ள வந்துட்டான். கடைசி சீன்ல ஜனங்க முன்னாடி நீங்க முடி துறக்கணும்."

தண்டபாணியின் முகம் வாடியது. "எறக்கித்தான் ஆகணுங்களா?"

"தோத்த ராஜா முடியோட நின்னா யார் நம்புவா?"

"அடுத்த வாரம் எனக்கு நிச்சயதார்த்தங்க டீச்சர். பொண்ணு வீட்டுக்காரங்க வேற நாடகம் பாக்க வர்றாக."

"வரட்டுமே. இன்னொரு ராஜாவைத் தேட எனக்குத் தெம்பில்ல மாஸ்டர்."

அவர் பெருமூச்சு விட்டார். "சரிங்க. விழா அன்னைக்கு வெள்ளனே பழனிக்குப் போயிட்டு வெரசா வந்துர்றேன்."

"நல்லா கும்பிட்டுட்டு வாங்க" என்றார் டீச்சர் அலுப்போடு.

விழா மாலை. கொடைக்கானல் குளிருக்கு எல்லோரும் குல்லா போட்டிருந்தார்கள். மாஸ்டர் தன் குல்லாவின் மேலேயே அட்டைக் கிரீடத்தை மாட்டிக்கொண்டார். சண்டை போட டீச்சருக்குத் தெம்பில்லை.

கடைசிக் காட்சியில் எதிரிப்படை உள்ளே நுழைந்தது. மன்னர் மெதுவாக முன்னால் வந்தார். எல்லாவற்றையும் இழந்தவனின் முகம் அது. டீச்சரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மன்னர் கிரீடத்தோடு குல்லாவையும் சேர்த்துக் கழற்றினார்.

சந்தனம் பூசிய மொட்டைத் தலை விளக்கில் மின்னியது.

முன்வரிசையில் இருந்து மணப்பெண்ணின் அப்பா மட்டும் எழுந்து கைகூப்பினார்.

"அரோகரா."